தங்கத் துகள் தேடிச் செல்வதில்லை: ஆசிரியருக்கு ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்க நானோ துகள்கள் புற்றுநோய்ச் செல்களைத் தேடிச் சென்று அழித்துவிடும் என்றும், உடம்பின் நல்ல பகுதிகளுக்கு எந்தத் தீங்கும் நேராது என்றும் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளியான செய்தியைப் படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் இத்துறையின் வளர்ச்சி எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஆனால் ‘தேடிச் சென்று’ என்று அச்செய்தியில் இருந்த இரண்டு சொற்கள் உண்மைக்குப் பொருந்தவில்லை. சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டுக் கலங்கி நிற்கும் ஒருவர் அவற்றைப் படித்தால் என்ன ஆகும் என்பதை நான் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீண்ட கடிதம் எழுத நேர்ந்தது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையாருக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது உறுதியாயிற்று. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்ட நிலையில், இதே போன்ற ஒரு செய்தியை வேறோர் இதழில் படித்த அவர், கத்தி படாமல் ஓர் ஊசியிலேயே குணமாக்கும் மருத்துவம் வந்துவிட்டதென்று நம்பி, நாளைத் தள்ளிப்போடுமாறு மருத்துவரிடம் கேட்டுக்கொண்டார். ஐந்து வாரம் தள்ளிப்போயிற்று. அந்த ஐந்து வாரத்தில் நோய் எவ்வளவு முன்னேறியது என்பதை மருத்துவர் சொல்லவில்லை; கேட்கும் துணிவு எனக்கும் இல்லை. வேதியியல் படித்த தம்பி என்று என்னிடம் அவர் விசாரித்தபோது, ‘ஆராய்ச்சி நடக்கிறது அக்கா, நல்லபடியாகத்தான் சொல்கிறார்கள்’ என்று நான் மேம்போக்காகச் சொன்ன பதிலுக்கும் அந்தத் தாமதத்தில் பங்கு உண்டு. அந்த ஆராய்ச்சி எலியில் நடக்கிறதா, மனிதரில் நடக்கிறதா என்பதையாவது நான் விசாரித்துச் சொல்லியிருக்க வேண்டும். அதன் பிறகுதான் இந்தப் பொருளை முறையாகப் படிக்கத் தொடங்கினேன்.

தங்கத்தை மிகமிக நுணுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அதன் மஞ்சள் நிறமே போய்விடுகிறது. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்குதான் நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். 20 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள் நீரில் மிதக்கும்போது அந்த நீர் மாணிக்கச் சிவப்பாகத் தெரியும். மைக்கேல் ஃபாரடே 1857-ஆம் ஆண்டிலேயே இதை ஆராய்ந்து எழுதினார். அவர் தயாரித்த சிவப்புக் கரைசல் அடங்கிய குப்பிகள் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. துகளில் உள்ள எலக்ட்ரான்கள், தம்மீது விழும் ஒளியின் அலைக்கு இசைந்து ஒன்றாக ஊசலாடி, குறிப்பிட்ட நிறத்து ஒளியை மட்டும் பெருமளவில் உறிஞ்சிக்கொள்வதே இந்த நிற மாற்றத்துக்குக் காரணம். வீட்டிலேயே செய்து பார்க்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையிலும், கொரோனா விரைவுப் பரிசோதனை அட்டையிலும் தோன்றும் சிவப்புக் கோடு பெரும்பாலும் இந்தத் தங்கத் துகள்களின் நிறம்தான். ஆக, நானோ தங்கம் ஏற்கெனவே மக்கள் கையில் புழங்கிக்கொண்டிருக்கும் பொருள். பரிசோதனை அட்டைக்குள் இருக்கும் தங்கத்துக்கும் ரத்தத்தில் செலுத்தப்படும் தங்கத்துக்கும் இடையிலுள்ள தொலைவைத்தான் தங்கள் செய்தி ஒரே வரியில் தாண்டிவிட்டது.

மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் தங்கத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. அது எளிதில் துருப்பிடிக்காது, வேதிவினைக்கு உட்படாது. அதே சமயம் கந்தகம் கொண்ட மூலக்கூறுகள் அதன் பரப்பில் உறுதியாக ஒட்டிக்கொள்வதால், நாம் விரும்பும் மருந்தையோ புரதத்தையோ அதன்மேல் கட்டிவிடலாம். உறிஞ்சிய ஒளியை வெப்பமாக மாற்றுவதில் தங்கத் துகள் மிகத் திறமையானது. அணு எண் 79 உடைய கனமான தனிமம் என்பதால் எக்ஸ் கதிரையும் அது வலுவாகத் தடுத்து நிறுத்துகிறது. மருந்தைச் சுமப்பது, ஒளியால் சூடாகிக் கட்டியைச் சுடுவது, கதிர்வீச்சின் தாக்கத்தைக் கட்டிக்குள் கூட்டுவது ஆகியவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தனித்தனி வேலைகள். ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு முன்னேறியிருக்கிறது. தங்கள் செய்தியில் ஒரு வேலையின் வெற்றி இன்னொரு வேலையின் கணக்கில் எழுதப்பட்டிருந்தது.

இப்போது ‘தேடிச் செல்லுதல்’ என்பதற்கு வருகிறேன். துகளுக்குக் கண்ணும் இல்லை, காலும் இல்லை. ரத்த ஓட்டம் கொண்டுபோகும் இடமெல்லாம் அது போகும். வேகமாக வளரும் கட்டியின் ரத்தக் குழாய்கள் ஒழுங்காக அமைவதில்லை என்பதாலும், கட்டியிலிருந்து கழிவு நிணநீர் வழியே சரியாக வெளியேறுவதில்லை என்பதாலும், பெரிய மூலக்கூறுகள் அங்கே தங்கிவிடுகின்றன என்று 1986-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்களான மட்சுமுராவும் மாயேதாவும் காட்டினார்கள். நானோ மருத்துவத்தின் பெரும்பகுதி இந்த ஒரு கருத்தின்மீதுதான் எழுப்பப்பட்டது. துகளின்மேல் ஒட்டப்படும் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) இதற்கு அடுத்த படியில்தான் பயன்படுகிறது. புற்றுநோய்ச் செல்லின் பரப்பில் மிகுதியாக இருக்கும் ஏற்பி என்னும் புரதத்தை அது பற்றிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் தொட்டால்தான் பற்றிக்கொள்ளும். பூட்டுக்குப் பொருந்தும் சாவி கையில் இருக்கிறது என்பதற்காக அந்தச் சாவியே தெருவையும் வீட்டையும் கண்டுபிடித்துவிடாது.

அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்வது எத்தனை என்ற கேள்விக்கு, டொரன்டோ பல்கலைக்கழகத்தில் வாரன் சான் தலைமையிலான குழு 2016-ஆம் ஆண்டில் ஒரு விடை அளித்தது. அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் வெளியான 117 ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டி அவர்கள் கணக்கிட்டபோது, ஊசிவழிச் செலுத்திய நானோ துகள்களில் கட்டியை அடைந்தவற்றின் இடைநிலை மதிப்பு 0.7 விழுக்காடு. ஆயிரம் கடிதங்களை அஞ்சலில் சேர்த்தால் ஏழு மட்டும் உரியவர் கைக்குப் போவதற்கு ஒப்பானது இது. அந்த ஆய்வுகளும் விலங்குகளில், பெரும்பாலும் எலிகளில் செய்யப்பட்டவை. அதே குழு 2020-இல் இன்னொன்றையும் காட்டியது: கட்டியின் ரத்தக் குழாய்ச் சுவரில் இருப்பதாக எல்லாரும் நம்பிவந்த இடைவெளிகள் மிகச் சிலவே, பெரும்பாலான துகள்கள் குழாய்ச் சுவரின் செல்களே அவற்றை உள்வாங்கி மறுபுறம் கடத்துவதால்தான் உள்ளே நுழைகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு துறை சாய்ந்து நின்ற விளக்கத்தைக் கேள்விக்கு உள்ளாக்கும் முடிவு இது. இத்தகைய செய்திகள் நம் இதழ்களில் ஏன் இடம்பெறுவதில்லை என்று எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

மற்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று எங்கே போகின்றன? ரத்தத்தில் நுழைந்த சில நிமிடங்களிலேயே துகளின்மேல் ரத்தப் புரதங்கள் போர்வைபோலப் படிந்துவிடுகின்றன. நாம் கவனமாக ஒட்டிய எதிர்ப்புரதம் அந்தப் போர்வைக்கு அடியில் மறைந்துவிடவும் கூடும். உடம்பு இப்போர்வையை அடையாளம் கண்டுகொண்டு, கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு செல்களால் துகள்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் நீர்விரும்பிச் சங்கிலிகளால் துகளைப் போர்த்தினால் இந்தப் பிடியிலிருந்து சில மணி நேரம் தப்பலாம். முற்றிலும் தப்ப முடியாது. சுமார் 6 நானோமீட்டருக்கும் சிறியவை சிறுநீரகத்தின் வழியே வெளியேறிவிடும். ஆனால் அவ்வளவு சிறிய துகள்கள் கட்டியில் தங்குவதற்குள் கழிந்துவிடும். ஒளியை வெப்பமாக்கும் வேலைக்கும் உதவமாட்டா. அதற்குத் தேவைப்படும் பெரிய துகள்களோ கல்லீரலில் மாதக்கணக்கில் தங்குகின்றன. தங்கம் கெடுவதில்லை என்பது அதன் பெருமை என்று சற்று முன் சொன்னேன். உடம்புக்குள் அதே பெருமைதான் சிக்கலாகிறது, ஏனெனில் கெடாத பொருளைச் சிதைத்து வெளியேற்ற உடம்புக்கு வழியில்லை. நல்ல பகுதிகளுக்கு எந்தத் தீங்கும் நேராது என்று எழுதுவதற்கு முன் கல்லீரலைப் பற்றி ஒரு சொல்லாவது சொல்லியிருக்க வேண்டும்.

இவ்வளவு சொல்வதால் நான் இந்த ஆராய்ச்சியைக் குறைத்து மதிப்பிடுவதாகத் தாங்கள் எண்ணிவிடக் கூடாது. சாதாரணக் கீமோதெரபி மருந்திலும் கட்டியைச் சேர்வது ஒரு சிறு பங்கே. ஆகவே விழுக்காடு குறைவு என்பதாலேயே ஒரு முறை பயனற்றதாகிவிடாது. உண்மையில், தங்கத்தின் அழகான வெற்றி இந்தக் குறைபாட்டைச் சுற்றிக்கொண்டு போன வழியில்தான் கிடைத்திருக்கிறது. அதைத்தான் தங்கள் செய்தி விரித்து எழுதியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கண்ணுக்குத் தெரியும் ஒளி நம் தசைக்குள் சில மில்லிமீட்டரிலேயே மங்கிவிடுகிறது. அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளி, ஏறத்தாழ 700 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அலைநீளம் கொண்டது, ரத்தத்தாலும் நீராலும் அவ்வளவாகத் தடுக்கப்படாமல் இன்னும் ஆழமாக ஊடுருவும். இருட்டில் டார்ச் விளக்கை உள்ளங்கைக்குக் கீழே பிடித்தால் விரலோரம் சிவப்பாக ஒளிர்வதைக் கவனித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சாதாரணத் தங்கக் கோளம் உறிஞ்சுவது 520 நானோமீட்டர் அளவிலான பச்சை ஒளியை. அது உடம்புக்குள் போகாது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ் குழுவினர், சிலிக்கா உருண்டையின்மேல் மெல்லிய தங்க ஓடு போர்த்தி, ஓட்டின் தடிமனை மாற்றுவதன்மூலம் துகள் எந்த ஒளியை உறிஞ்ச வேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்யும் நிலையை எட்டினார்கள். ஜெனிஃபர் வெஸ்ட்டுடன் சேர்ந்து 2003-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய துகள்கள் செலுத்தப்பட்ட எலிக் கட்டிகள் அகச்சிவப்பு ஒளியில் சூடாகி, அவற்றின் திசு மீளமுடியாதபடி சிதைந்தது. அடுத்த சில ஆண்டுகளில், வேதியியலாளர் முஸ்தஃபா எல்-சையதும், தலை கழுத்து அறுவை மருத்துவரான அவருடைய மகன் ஐவன் எல்-சையதும், வாய்ப்புற்றுச் செல்களின்மேல் எதிர்ப்புரதம் ஒட்டிய தங்கத் துகள்களைப் படியவைத்து லேசர் ஒளியைச் செலுத்தியபோது, நல்ல செல்லைக் கொல்லத் தேவைப்பட்ட ஆற்றலில் பாதிக்கும் குறைவான ஆற்றலே புற்றுச் செல்லைக் கொல்லப் போதுமானதாக இருந்தது. அது தட்டில் வளர்த்த செல்களில் நடந்தது.

மனிதரில் நடந்ததும் உண்டு. புராஸ்டேட் சுரப்பியில் மட்டும் கட்டி இருந்த, இடர் குறைவாகவோ நடுத்தரமாகவோ மதிப்பிடப்பட்ட 16 ஆண்களுக்கு, தங்க ஓட்டுத் துகள்களை முதலில் ரத்தக் குழாய் வழியாகச் செலுத்தி, பின்னர் எம்.ஆர்.ஐ. படத்தின் துணையோடு கட்டிக்குள்ளேயே மெல்லிய ஒளியிழைகளை நுழைத்து லேசர் பாய்ச்சினார்கள். முடிவுகள் 2019-இல் வெளியாயின. 16 பேரில் 15 பேருக்குச் சிகிச்சையை முழுமையாகச் செய்ய முடிந்தது. கடுமையான சிக்கல் எதுவும் நேரவில்லை, சிறுநீர்க் கட்டுப்பாடும் ஆண்மையும் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கப்படவில்லை. புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு நோயாளிகள் வெளியே சொல்லத் தயங்கி மனத்துக்குள் வைத்துப் புழுங்கும் துன்பங்கள் இவை இரண்டும்தான் என்பதால், இந்த முடிவின் அருமையை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

இங்கே இலக்கை நோக்கிச் சென்றது எது என்று எண்ணிப் பாருங்கள். துகள்கள் வழக்கம்போலக் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போயின. ஆனால் அங்கே லேசர் ஒளி விழவில்லை, ஆகவே அவை சூடாகவில்லை. ஒளியிழையை எங்கே நுழைப்பது என்று படம் பார்த்து முடிவு செய்த மருத்துவரின் கைதான் இலக்கைக் குறித்தது. தங்கம் அந்த இலக்கின் எல்லைக்குள் வெப்பத்தைக் கூட்டிக் கொடுத்தது. முறையின் வலிமை இதுதான், எல்லையும் இதுதான். கட்டி எங்கே இருக்கிறதென்று தெரிய வேண்டும். அங்கே ஒளியிழை போக முடிய வேண்டும். எலும்புக்கும் நுரையீரலுக்கும் பரவி, படத்தில் தெரியாத சிறு திட்டுகளாகச் சிதறிவிட்ட நோயை இந்த வழியில் சுட முடியாது. தங்கள் செய்தியைப் படித்து மிகுதியாக நம்பிக்கை கொள்ளக்கூடியவர்கள் அந்த நிலையில் இருப்பவர்களே என்பதுதான் என்னை வருத்துகிறது.

மருந்தைச் சுமக்கும் வேலையிலும் மனித ஆய்வுகள் நடந்துள்ளன. டியூமர் நெக்ரோசிஸ் ஃபாக்டர் என்ற புரதம் கட்டியின் ரத்தக் குழாய்களைச் சிதைக்க வல்லது. ஆனால் நேரடியாக ரத்தத்தில் செலுத்தினால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு வீழ்ந்துவிடும் என்பதால், கையையோ காலையோ உடம்பின் ரத்த ஓட்டத்திலிருந்து தனிமைப்படுத்தி, அங்கே மட்டும் அதைப் பயன்படுத்தி வந்தார்கள். 27 நானோமீட்டர் தங்கத் துகளின்மேல் அந்தப் புரதத்தை ஏற்றி, முற்றிய நிலைப் புற்றுநோயாளிகளுக்குச் செலுத்திய முதற்கட்ட ஆய்வின் முடிவு 2010-இல் வெளியாயிற்று. முன்பு தாங்க முடியாதிருந்த அளவுகளையும் நோயாளிகள் தாங்கிக்கொண்டார்கள். பயாப்ஸியில் கட்டிக்குள் தங்கம் இருப்பதும் காணப்பட்டது. முதற்கட்ட ஆய்வு என்பது பாதுகாப்பையும் மருந்தின் அளவையும் அறிவதற்கானது. குணமாகிறதா என்று முடிவு செய்வதற்கானது அன்று. இன்னும் கடினமான முயற்சி 2021-இல் வெளியானது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், சாட் மிர்கின் வகுத்த முறையில், தங்க உட்கருவைச் சுற்றி மரபணுவை அடக்கும் சிறு ஆர்.என்.ஏ. இழைகளைச் செறிவாக நட்டு, மூளைக் கட்டிகளில் மிகக் கொடியதான கிளியோபிளாஸ்டோமா உள்ள 8 பேருக்கு அறுவைக்கு முன் செலுத்தினார்கள். ரத்தத்தில் உள்ளவை மூளைக்குள் எளிதில் புகாதபடி காக்கும் தடுப்பைக் கடந்து தங்கம் கட்டியை அடைந்திருந்தது. 8 பேர் என்ற எண்ணைச் செய்தியில் எழுதினால் சாதனை சிறுத்துவிடும் என்று நிருபர்கள் அஞ்சுகிறார்களோ என்னவோ. எனக்கு அது சிறுத்ததாகத் தோன்றவில்லை.

கதிர்வீச்சைக் கூட்டும் வேலையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். 2004-ஆம் ஆண்டில் ஹெய்ன்ஃபெல்டும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட எலி ஆய்வு மிகவும் புகழ்பெற்றது: தங்கத் துகளும் எக்ஸ் கதிரும் சேர்த்துப் பெற்ற எலிகளில் 86 விழுக்காடு ஓராண்டுக்குப் பின்னும் உயிரோடு இருந்தன, எக்ஸ் கதிர் மட்டும் பெற்றவற்றில் 20 விழுக்காடே இருந்தன. அதில் செலுத்தப்பட்ட தங்கத்தின் அளவு, எலியின் எடையில் கிலோவுக்கு 2.7 கிராம் வரை. 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு அதே கணக்கில் சுமார் 160 கிராம் தங்கத்தை ரத்தத்தில் செலுத்த வேண்டியிருக்கும். இந்த ஒரு பெருக்கலை அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால்கூட, எலியில் நடந்தது உடனே மனிதருக்கு வந்துவிடாது என்பது படிப்பவர் எவருக்கும் விளங்கியிருக்கும். இதே கருத்தைக் கொண்டு ஐரோப்பாவில் 2019-இல் அங்கீகாரம் பெற்றது, ஹாஃப்னியம் என்னும் கனமான உலோகத்தின் ஆக்சைடு துகள். அதை ரத்தத்தில் செலுத்துவதில்லை, கட்டிக்குள் நேரடியாகவே ஊசியால் ஏற்றுகிறார்கள். தேடிச் செல்லும் என்று காத்திராமல் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள்.

நானோ துகள் வடிவிலான புற்றுநோய் மருந்துகள் வழக்கமான பயன்பாட்டுக்கு வந்து பல ஆண்டுகளாகின்றன. கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த டாக்ஸோரூபிசின் 1995-லும், ஆல்புமின் புரதத்தில் கட்டிய பக்லிடாக்ஸல் 2005-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. தங்கம் அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை, மருத்துவ ஆய்வுக் கட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே தங்கத் துகள் கலந்த நீர் என்று குப்பியில் அடைத்துக் குடிக்கக் கொடுக்கும் எதற்கும் இந்த ஆய்வுகளைச் சான்றாகக் காட்ட முடியாது. இதைத் தாங்கள் ஒரு வரியில் வெளியிட்டால் பலருடைய பணமும், அதைவிடப் பெரிதாகிய காலமும் மிஞ்சும்.

இனி வரும் இத்தகைய செய்திகளில், ஆய்வு தட்டில் வளர்த்த செல்லில் நடந்ததா, எலியில் நடந்ததா, மனிதரில் நடந்ததா என்பதை முதல் பத்தியிலேயே எழுதுமாறு தங்கள் செய்தியாளர்களைப் பணிக்க வேண்டுகிறேன். மனிதரில் என்றால் எத்தனை பேர் என்பதையும், செலுத்திய துகளில் எவ்வளவு கட்டியைச் சேர்ந்தது என்பதையும் அதே பத்தியில் சேர்க்கலாம். புற்றுநோய் மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, ‘இப்போது சிகிச்சையில் இருப்பவர்கள் இதற்காக எதையும் நிறுத்தவோ தள்ளிப்போடவோ வேண்டாம்’ என்ற குறிப்பையும் கட்டம் கட்டி வெளியிடுங்கள். என் தமக்கையார் அன்று கத்தரித்து வைத்திருந்த செய்தித்தாள் துண்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் ‘எலி’ என்ற சொல் எட்டாவது பத்தியில் ஒரே ஒருமுறை வருகிறது. அவர் அடிக்கோடிட்டிருப்பது முதல் இரண்டு பத்திகளை மட்டும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்